நீலம் போடாத கீற்று

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைச் சுற்றி ஓர் உறை உண்டு. வெங்காயத்தில் உரியும் மெல்லிய தோல் மாதிரி என்று நோயாளிகளுக்குச் சொல்வோம். உண்மையில் அது அதைவிடப் பல மடங்கு மெல்லியது. புரை அறுவையில் டாக்டர் அந்த உறையின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு வாசல் வெட்டுவார். அதன் வழியாகக் கலங்கிப்போன லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, காலியான உறைக்குள் புது லென்ஸை வைப்பார். வெட்டி எடுத்த அந்த ஐந்து மில்லிமீட்டர் வட்டம் யாருக்கும் வேண்டாத பொருள். குப்பைக்குப் போகும். அதை வழியிலேயே மறித்து வாங்குவதுதான் என் வேலை.

வாங்கி, உப்புநீரில் போட்டு, ஆறு மணி நேரத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் அகலக் கீற்றாக வெட்டி, இழுவைக் கருவியில் மாட்டி, கிழியும்வரை இழுப்பேன். எவ்வளவு விசையில் கிழிந்தது என்று எழுதிவைப்பேன். இரண்டரை வருடமாக இதுதான் பிழைப்பு. தியேட்டர் நர்ஸுகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் அரைமில்லி. கீற்று அரை மில்லிமீட்டர் கோணினாலும் நான் சண்டைக்கு நிற்பேன் என்பதால். என் வீட்டிலோ, சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் நாத்தனாரின் குரல் வரும்: "இன்னைக்கு என்ன கிழிச்சே?"

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு அண்ணி. கல்யாணம் செய்துகொள்ளாமல் தையல் மெஷினோடு குடித்தனம் நடத்தியவர். பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஏழு வயதில் ஒரு காய்ச்சலில் இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் இந்த இரண்டு வருடத்தில் புரை முற்றி, இப்போது முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் ஆடுவது தெரியும், யார் கை என்று தெரியாது. ஆறு மாதமாக மெஷின் மூடிக் கிடக்கிறது. அவர் சும்மா உட்கார்ந்திருக்கும் வீட்டில் என்னால் நிம்மதியாக ஒரு வாய் காபி குடிக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் குற்றம் சொல்வார். காது வேறு கூர்மையாகிவிட்டது.

அவருடையது சாதாரணப் புரையும் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் சாம்பல் கண் என்று சொல்லும் வகை. லென்ஸின்மேல் சாம்பல் தூவினாற்போல் ஏதோ படியும். உறை நலிந்துபோகும். உறையைக் கண்சுவரோடு பிடித்துக் கட்டியிருக்கும் நுண்ணிய நார்களும் இற்றுப்போகும். இந்தக் கண்ணில் கை வைத்தால் அறுவைக்கு நடுவிலேயே உறை சரிந்துவிடலாம். அதற்காக எங்கள் சீஃப் டாக்டர் ஒரு வளையம் செய்ய வைத்திருந்தார். நான்கு சின்னக் கொக்கிகள். வெட்டிய வாசலின் விளிம்பில் மாட்டி, திருகாணியைத் திருகினால் கொக்கிகள் நான்கு பக்கமும் இழுத்து, வேலை முடியும்வரை உறையைத் தாங்கிப் பிடித்திருக்கும். எவ்வளவு இழுக்கலாம்? குறைந்தால் உறை சரியும், கூடினால் விளிம்பு கிழியும். கிழிந்தால் அந்தக் கிழிசல் பின்பக்கம்வரை ஓடும். பிறகு லென்ஸ் வைக்க இடமே இருக்காது.

அந்த எண்ணைச் சொன்னது நான். ஒரு கிராம் எடையைத் தொங்கவிட்டால் எங்கள் கருவி பத்து என்று காட்டும். சாம்பல் கண் கீற்றுகள் பதினெட்டுக்குக் கீழே கிழியவில்லை. ஆகவே பன்னிரண்டு வைக்கலாம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். கட்டுரை ஒரு பத்திரிகைக்குப் போய் ஏற்கப்பட்டும்விட்டது. வியாழக்கிழமை முதன்முதலாக மூன்று நோயாளிகளுக்கு வளையம் வைப்பதாக ஏற்பாடு. முதல் பெயர் அண்ணியுடையது. அவரை அந்தப் பட்டியலில் சேர்க்க நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன்.

திங்கள்கிழமை மத்தியானம் பத்திரிகையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாதிரிகளின் வண்ணப்படம் ஒன்று வேண்டுமாம். எங்கள் கருவியின் கேமரா கறுப்பு வெள்ளை. சரி, கைபேசியிலேயே எடுத்துவிடலாம் என்று, கிழிந்த துண்டுகளைப் பத்திரப்படுத்தியிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு குப்பிகளையும் வெள்ளைத் தாள் விரித்த மேஜையில் வகைவாரியாக அடுக்கினேன். சாதாரணக் கண்கள் மேலே. சாம்பல் கண்கள் கீழே.

கீழ்வரிசைகள் நீலமாக இருந்தன.

நீலம் போட்டது யார்? நான்தான். உறை வெறும் தண்ணீரைப்போல நிறமே இல்லாதது. உப்புநீரில் விழுந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கிடைக்காது. தேடித் தொலைத்த மாதிரிகள் ஏராளம். அதனால் ஆரம்பத்திலேயே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தட்டுப்படாத வட்டத்துக்கு ஒரு சொட்டு நீலச் சாயம், பத்து நிமிடம். டாக்டர்களே அறுவையில் உறை தெரியவில்லையென்றால் விடுகிற சாயம்தானே. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வதுபோல அதை நினைத்தேனே தவிர, எழுதிவைக்க வேண்டிய விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் எந்த வட்டம் கண்ணுக்குத் தட்டுப்படாது? மெல்லியது. எது மெல்லியது? சாம்பல் கண். ஒன்றொன்றாகப் போட்டபோது தெரியவில்லை. மொத்தமாக அடுக்கியபோது தெரிந்தது. ஐம்பத்தெட்டு சாம்பல் கண்களில் ஐம்பத்தெட்டும் நீலம். மற்ற நூற்று ஐம்பத்துநான்கில் வெறும் ஆறு.

ஒரு நீலத் துண்டை இடுக்கியால் தூக்கினேன். விறைப்பாக நின்றது. பக்கத்து வரிசையில் நிறமில்லாத ஒன்றைத் தூக்கினேன். துவண்டு இடுக்கியில் சுருண்டுகொண்டது. இரண்டரை வருடம் இந்தக் கையால் தொட்ட பொருள். இந்த வித்தியாசம் கைக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. மண்டைக்குத்தான் ஏறவில்லை. என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் தாள் தாங்காது.

சீஃப் அறைக்குப் போனேன். அவர் நின்றபடியே டீ குடித்துக்கொண்டு கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"டாக்டர், அட்டவணை தப்பு."

"எந்த வரி?"

"சாம்பல் கண் மொத்தமும்."

சொன்னேன். கையெழுத்து நின்றது. டீ நிற்கவில்லை.

"அந்தச் சாயத்தை நான் கண்ணுக்குள்ளயே விடறேன். எத்தனையோ கண்ணு. ஒண்ணும் ஆனதில்ல."

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகல டாக்டர். நீங்க விட்டு உடனே கழுவிடறீங்க. நான் பத்து நிமிஷம் ஊற வெச்சிருக்கேன். அது விறைச்சுப் போயிருக்கு. விறைச்சதை இழுத்துப் பாத்துட்டு, விறைக்காத உறைக்குப் பன்னிரண்டுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"விறைச்சா விசை எவ்வளவு கூடும்? ஒண்ணா, பத்தா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா நான் என்ன செய்ய? வளையம் இல்லாம சாம்பல் கண்ணைத் தொட்டா பத்துல ரெண்டு சரியுது. அது எனக்குத் தெரிஞ்ச கணக்கு. நீங்க சொல்றது உங்க பயம்." கோப்பை மூடினார். கோபமில்லை. அவர் சுபாவமே அப்படி, எண் இல்லாத பேச்சு காதில் ஏறாது. "புதன் சாயங்காலம் நாலு மணிக்குள்ள எண்ணோட வாங்க. வராட்டி பன்னிரண்டுதான்."

வீட்டுக்குப் போய் முதலில் அண்ணியிடம் சொன்னேன். வீட்டுக்காரர் ஏதோ சாமான் வாங்கவேண்டும் என்று நைசாக நழுவினார். எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்காமலிருப்பதில் அவருக்கு இருபது வருடப் பயிற்சி.

அண்ணி முழுவதும் கேட்டார். மூடிய மெஷினின்மேல் கை இருந்தது.

"கஞ்சி போட்ட துணியை இழுத்துப் பாத்துட்டு, கஞ்சி போடாத துணிக்கு உத்தரவாதம் குடுத்திருக்கே."

"ஆமா."

"என் தொழில்ல இதைச் செஞ்சிருந்தா துணியை மூஞ்சிலயே விட்டெறிஞ்சிருப்பாங்க."

"எறியுங்க. வாங்கிக்கறேன்."

"எறிய எனக்கு உன் மூஞ்சி எங்க தெரியுது?" என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியாது. பிறகு, "ஆபரேஷனைத் தள்ளிப் போடப்போறியா?" என்றார். அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் அதுவரை கேட்டதில்லை. புரை இன்னும் முற்றினால் லென்ஸ் கல்லாகிவிடும். உடைத்து எடுப்பது இன்னும் ஆபத்து. அது அவருக்கும் தெரியும்.

"தள்ள மாட்டேன். புதன்கிழமைக்குள்ள சரியான எண்ணைக் கண்டுபிடிக்கிறேன்."

"ரெண்டரை வருஷத்துல செய்யாததை ரெண்டு நாள்ல செஞ்சிருவியா?"

"செய்வேன்."



செய்யவேண்டியது என்னவோ எளிதுதான். ஒரே வட்டத்திலிருந்து இரண்டு கீற்று வெட்டவேண்டும். ஒன்றுக்கு நீலம், மற்றதற்கு வெறும் உப்புநீர். இரண்டையும் இழுக்கவேண்டும். ஆள் ஒன்று, உறை ஒன்று, வித்தியாசம் சாயம் மட்டும். தொல்லை என்னவென்றால், நீலம் போடாத கீற்றைப் பார்க்க முடியாது என்பதால்தான் நீலமே போட ஆரம்பித்தேன். இப்போது பார்க்காமலே வெட்டி, பார்க்காமலே கருவியில் மாட்டவேண்டும்.

செவ்வாய் காலை தியேட்டர் வாசலில் நின்று கெஞ்சிக் கூத்தாடினேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் சேர்த்து ஐந்து சாம்பல் கண்கள். கண்வங்கிப் பொறுப்பாளரிடம் ஓடினேன். தானமாக வந்த கண்களில் முன்பக்கக் கருவிழியை எடுத்துக்கொண்டபின் லென்ஸ் உறையோடு மிச்சமிருக்கும். ஆராய்ச்சிக்குத் தரலாம் என்று குடும்பத்தார் கையெழுத்திட்டவற்றில், சாம்பல் கண் என்று குறித்திருந்தவை நான்கு. பொறுப்பாளர் மூன்று படிவம் நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். நான்காவதாக ஒன்று இருக்கிறது என்றார். அதையும் நிரப்பினேன். வழக்கமாக இதற்கே ஒரு யுத்தம் நடத்தியிருப்பேன்.

ஆக, ஒன்பது வட்டங்கள். முதலாவதை வெட்டும்போதே தொலைத்தேன். தட்டில் இருக்கிறது, கண்ணுக்கு இல்லை. தட்டைச் சாய்த்து, நிமிர்த்து, ஒரு மணி நேரம் போராடி, கடைசியில் அது என் கையுறை விரலிலேயே ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. இரண்டாவதைத் தொடுவதற்குமுன் எழுந்து ஜன்னலையெல்லாம் அடைத்தேன். தட்டுக்கு அடியில் கறுப்புத் துணி விரித்தேன். விளக்கை மேலிருந்து எடுத்து மேஜையோடு மேஜையாகப் பக்கவாட்டில் படுக்கவைத்தேன். நான் கன்னத்தை மேஜையில் பதித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். உறை தெரியவில்லை. ஆனால் அதன் விளிம்பு மட்டும் நூலிழையாக மினுங்கியது. மூச்சு விட்டால் மறைந்தது. மூச்சை நிறுத்தினால் வந்தது. அது போதும்.

ஒரு கீற்றுக்கு நாற்பது நிமிடம். கழுத்து பிடித்துக்கொண்டது. நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்து, "அரைமில்லி அக்கா மேஜைல தலை வெச்சுத் தூங்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் விளிம்பு மறைந்துவிடும். சொல்லவில்லை. புதன் மத்தியானம் இன்னொரு கீற்று கருவியின் பற்களிலிருந்து நழுவிப் போயிற்று. மிச்சம் ஏழு ஜோடி. ஏழும் முடிந்தபோது மணி மூன்றரை.

நீலம் போட்டவை கிழிந்தது பதினெட்டிலிருந்து இருபதுக்குள். நீலம் போடாதவை பத்திலிருந்து பதின்மூன்றுக்குள். ஏழு ஜோடியில் ஒன்றுகூட மாறிவிழவில்லை.

தாளை சீஃப் மேஜையில் வைத்தேன். அவர் படித்தார். பிறகு முதல்முறையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பன்னிரண்டு வெச்சிருந்தா பாதிப் பேருக்குக் கிழிஞ்சிருக்கும்."

"ஆமா."

"கட்டுரை?"

"திரும்ப வாங்கிக்கறோம்னு கடிதம் எழுதிட்டேன். என் தப்புன்னு எழுதியிருக்கேன். உங்க கையெழுத்து மட்டும் வேணும்."

போட்டார். பேனாவை மூடாமலே, "இப்ப எவ்வளவு வைக்கணும்?" என்றார்.

"ஆறு."

"ஆறுல உறை நிக்குமா?"

"கிழியாது. நிக்குமான்னு வியாழக்கிழமைதான் தெரியும்."

"இருநூத்திப் பன்னிரண்டை வெச்சுத் தப்பு பண்ணின அதே ஆளு, ஏழை வெச்சு என்னை நம்பச் சொல்றீங்க." குத்திக்காட்டவில்லை, கணக்குப் பார்த்தார். "மத்த ரெண்டு பேரை நான் தள்ளி வெச்சிடறேன், அவங்களுக்குப் புரை முத்தல. உங்க நாத்தனாருக்கு நேரமில்ல. அவங்ககிட்ட நானே கேக்கணும்."

அறுவைக்கு முந்தின நாளே வந்து சேர்ந்துவிட்ட அண்ணி வார்டில் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். சீஃப் எதையும் மறைக்கவில்லை. பழைய எண், புது எண், எத்தனை மாதிரி, யார் தப்பு, எல்லாம் சொன்னார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றும் சொன்னார். நான் சுவரோரம் நின்றேன். அண்ணி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

அண்ணி சீஃப்பிடம், "இதை யாராவது வந்து கேட்டாங்களா? இல்ல இவளே வந்து சொன்னாளா?" என்றார்.

"அவங்களே வந்து சொன்னாங்க."

"இவளோட இருபது வருஷமா சண்டை போடறேன் டாக்டர். ஒரு தடவைகூட இவ தன் தப்புன்னு ஒத்துக்கிட்டதில்ல. இப்ப ஒத்துக்கிட்டிருக்கான்னா நல்லா பாத்திருக்கான்னு அர்த்தம். ஆறே வைங்க."

அன்றைக்கு எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. இருபது வருடத்தில் ஒருதடவைகூடவா ஒத்துக்கொண்டதில்லை?

வியாழன் காலை ஒன்பது மணிக்கு தியேட்டரில் எனக்குக் குப்பியோடு நிற்க ஒரு மூலை கொடுத்தார்கள். திரையில் அண்ணியின் கண் ஒரு தட்டளவு பெரிதாக நின்றது. சீஃப் வாசலை வட்டமாக வெட்டினார். சாயம் விடவில்லை. வேண்டாம் என்று அவரே தீர்மானித்திருந்தார். நான்கு கொக்கியும் மாட்டியாயிற்று. திருகாணி ஆறில் நின்றது. லென்ஸைப் பாதி உடைக்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு வலது ஓரத்தில் உறை நடுங்க ஆரம்பித்தது.

"சரியுது டாக்டர். இன்னும் ரெண்டு திருகு கூட்டிடலாமா?" என்றார் உதவி டாக்டர்.

சீஃப் கையை அசைக்காமல், "அரைமில்லி?" என்றார். அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கூட்டாவிட்டால் சரியலாம். கூட்டினால் கிழியலாம். ஏழு கீற்றும் கண்முன் வந்து நின்றன.

"கூட்ட வேண்டாம் டாக்டர்."

"கூட்டல," என்றார் சீஃப். உறிஞ்சும் வேகத்தைக் குறைத்தார். காத்திருந்தார். அந்த நடுக்கம் மெல்ல அடங்கியது. மிச்ச லென்ஸை அரிசி பொறுக்குவதுபோலத் துண்டு துண்டாக எடுத்தார். அரை மணி நேர வேலைக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. உறை நின்றது. புது லென்ஸ் அதற்குள் போய் விரிந்து உட்கார்ந்ததும், உதவி டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

வெட்டிய வட்டத்தை நர்ஸ் என் குப்பியில் போட்டாள். அண்ணியின் உறை. கறுப்புத் துணி, படுக்கவைத்த விளக்கு, மேஜையில் கன்னம். ஒரு கீற்று. நீலம் போடவில்லை. கருவியில் மாட்டி இழுக்கவிட்டேன். ஆறைத் தாண்டியது. எட்டு. பத்து. பதினொன்றில் கிழிந்தது.

நான் கருவியை அணைக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஒரே ஒரு எண் வித்தியாசம். நான் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு, என் வீட்டு மனுஷியை ஆயுசுக்கும் இருட்டில் தள்ளியிருக்கும். நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்த் தள்ளியிருப்பேன்.

வார்டில் அண்ணி கண்ணில் மூடி ஒட்டிப் படுத்திருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நீ வேற எதையோ சொல்லத்தான் வந்திருக்கே."

"உங்க உறையை இழுத்துப் பாத்தேன்."

"எத்தனைல கிழிஞ்சுது?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "பதினொண்ணு."

அவர் கணக்கில் மந்தமில்லை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் திட்டுவதற்காகக் காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"தள்ளி வெச்ச அந்த ரெண்டு பேருக்கு எப்ப?" என்றார்.

"அடுத்த மாசம். அதுக்குள்ள குறைஞ்சது ஐம்பது ஜோடி வேணும். ஏழு பத்தாது."

"என்னோடது சேர்த்தா எட்டு."

"எட்டு."

"இன்னைக்கு இன்னும் எத்தனை ஆபரேஷன் இருக்கு?"

"மத்தியானத்துக்கு மேல ஆறு. அதுல ஒண்ணு சாம்பல் கண்ணு."

"அப்ப இங்க உக்காந்து என் மூஞ்சியை என்ன பாத்துக்கிட்டிருக்கே? அது குப்பைக்குப் போயிடும், போ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, குப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.